டியூப் இறங்கவில்லை, ஆக்சிஜனும் போகவில்லை: கழுத்து வழி அவசர மூச்சுப்பாதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயக்க மருத்துவம், அவசர சிகிச்சை, ஐசியு என்று பயிற்சியில் இருக்கும் மருத்துவர்களும் நர்ஸ்களும் கேட்கும் கேள்விகள்தான் இதில் பெரும்பகுதி. கடைசியில் உள்ள சில, நோயாளிகளும் உறவினர்களும் கேட்பவை. படித்துவிட்டாலே செய்ய வந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாடலில் கை பழகாமல், கழுத்தின் முன்பக்கத்தை வெட்டி மூச்சுப்பாதைக்குள் டியூப் இறக்கும் இந்த வேலை வராது.

டியூப் போட முடியாமல் போனாலே கழுத்தில் வெட்ட வேண்டுமா?

இல்லை. வாய் வழியாக மூச்சுக்குழாயில் டியூப் போட முடியாதது ஒரு பிரச்சினை, ஆக்சிஜன் கொடுக்க முடியாதது வேறு பிரச்சினை. டியூப் இறங்காவிட்டாலும் முகத்தில் மாஸ்க்கை அழுத்திப் பிடித்து பையை அமுக்கினால் மார்பு ஏறி இறங்குகிறது, வெளிவரும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃபில் அலை வருகிறது என்றால் நோயாளி பாதுகாப்பாகத்தான் இருக்கிறார். குரல்வளைக்கு மேலே உட்காரும் லாரிஞ்சியல் மாஸ்க் வகைக் கருவிகளாலும் இதையே சாதிக்கலாம். அப்போது நின்று யோசிக்க நேரம் உண்டு. நோயாளியை எழுப்பிவிடலாம், மூத்தவர் ஒருவரை அழைக்கலாம், ஃபைபர் ஆப்டிக் கருவி (வளையும் மெல்லிய கேமராக் குழாய்) கொண்டுவரச் சொல்லலாம்.

மாஸ்க், லாரிஞ்சியல் மாஸ்க், டியூப் ஆகிய மூன்றும் தோற்றுவிட்டால்தான் கழுத்து வழி. மேலிருந்து ஆக்சிஜன் உள்ளே போக வழியே இல்லை என்ற நிலை அது.

இது எவ்வளவு அடிக்கடி நடக்கும்?

அறுவை அரங்கில் மிக அபூர்வம். பொது மயக்கம் கொடுக்கப்படுபவர்களில் ஏறத்தாழ 50,000 பேருக்கு ஒருவர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவசர சிகிச்சைப் பிரிவிலும் ஐசியுவிலும் இதைவிட அதிகம். அங்கே வருபவர்களின் முகம் அடிபட்டிருக்கும், தொண்டை வீங்கியிருக்கும், வயிறு நிறைந்திருக்கும், ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்திருக்கும்.

அபூர்வம் என்பதுதான் இதில் தொல்லையே. பணிக்காலம் முழுவதும் ஒருமுறைகூட இதைச் செய்யாமலே ஓய்வு பெறும் மயக்க மருத்துவர்கள் ஏராளம். வேண்டிவரும் அன்று கையில் அனுபவம் இருக்காது.

எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது?

நோயாளியைப் பொறுத்தது. மயக்கம் கொடுப்பதற்கு முன்பே நல்ல ஆக்சிஜனை நுரையீரலில் நிரப்பிவிட்டால், ஆரோக்கியமான ஒருவர் மூச்சே இல்லாமல் சுமார் 8 நிமிடம் வரை சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு) 90%க்குக் கீழே போகாமல் தாங்கலாம். அதிக உடல் எடை உள்ளவருக்கு அது 3 நிமிடத்துக்கும் குறைவாகலாம். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், காய்ச்சலிலும் நுரையீரல் தொற்றிலும் இருப்பவர்கள் எல்லாரும் சீக்கிரம் சரிவார்கள்.

90%க்குக் கீழே போய்விட்டால் சரிவு செங்குத்து. விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் வேறு அரை நிமிடமோ அதற்கு மேலோ பின்தங்கித்தான் காட்டும். திரையில் 85 என்று பார்க்கும்போது ரத்தத்தில் அதைவிடக் குறைந்திருக்கும். ஆக்சிஜன் முழுக்க நின்றுபோன மூளை நாலைந்து நிமிடங்களில் சேதமடையத் தொடங்கும்.

லாரிங்கோஸ்கோப்பால் (வாய் வழியே குரல்வளையைப் பார்த்து டியூப் போட உதவும் கருவி) எத்தனை முறை முயலலாம்?

பிரிட்டனின் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டி 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி மூன்று முறை. அதற்கு மேல், அனுபவம் கூடிய இன்னொருவர் வந்தால் அவருக்கு ஒரு முறை. லாரிஞ்சியல் மாஸ்க்குக்கும் அதிகபட்சம் மூன்று.

மூன்று என்பது நிரப்ப வேண்டிய கணக்கு இல்லை. முதல் முயற்சியில் எபிக்ளாட்டிஸ் (குரல்வளை மூடி) கூடத் தெரியவில்லை என்றால், அதே பிளேடு, அதே தலை நிலை, அதே ஆள் என்று மறுபடி உள்ளே விடுவதில் அர்த்தமில்லை. தலையணையை மாற்றுங்கள், வீடியோ லாரிங்கோஸ்கோப் எடுங்கள், பூஜி (டியூப்புக்கு வழிகாட்டும் நீண்ட மெல்லிய குச்சி) கேளுங்கள். ஒவ்வொரு முறை குத்தும்போதும் குரல்வளை கொஞ்சம் வீங்கும், கொஞ்சம் ரத்தம் கசியும். முதலில் மாஸ்க்கில் நன்றாக ஏறிய மூச்சு, நாலாவது முயற்சிக்குப் பிறகு ஏறாமல் போவது இப்படித்தான்.

சாச்சுரேஷன் எந்த எண்ணுக்கு இறங்கினால் கத்தியை எடுப்பது?

அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். பெரியவர்களுக்கு அப்படி ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதே தவறு என்பது என் கருத்து. மூன்று வழியும் தோற்றுவிட்டன என்று தெரிந்த நொடியில் சாச்சுரேஷன் 97 இருந்தாலும் அது இறங்கத்தான் போகிறது. 97இல் தொடங்குபவருக்கு நடுங்காத கையும் இரண்டாவது வாய்ப்பும் இருக்கும். 50இல் தொடங்குபவருக்கு இதயத் துடிப்பு குறைந்துகொண்டிருக்கும், அறையில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

எண்ணுக்குப் பதில் ஒரு வாக்கியம் வேண்டும். "டியூப் போட முடியவில்லை, ஆக்சிஜனும் கொடுக்க முடியவில்லை, கழுத்து வழியாகப் போகிறோம்" என்று அறையில் எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு பின்வாங்குவது கடினம். அதற்காகத்தான் சொல்வதே. மூத்தவர் சொல்லவில்லை என்றால் இளையவர் சொல்லலாம், நர்ஸும் சொல்லலாம்.

விவரம் தெரிந்த மருத்துவர்களே தயங்குவது ஏன்?

2005இல் இங்கிலாந்தில் எலெய்ன் பிரோமிலி என்ற இளம் தாய், திட்டமிட்ட சிறிய சைனஸ் அறுவைக்குப் போனார். மயக்கம் கொடுத்த பிறகு மூச்சுப்பாதையைப் பிடிக்க முடியவில்லை. அறையில் அனுபவம் மிகுந்த மருத்துவர்கள் இருந்தார்கள். நர்ஸ் ஒருவர் ட்ரக்கியாஸ்டமி (கழுத்தில் மூச்சுக்குழாயைத் திறக்கும் அறுவை) செட்டையே கொண்டுவந்து, இருக்கிறது என்று சொன்னார். மருத்துவர்கள் டியூப் போடும் முயற்சியிலேயே இருந்தார்கள். ஆக்சிஜன் வெகுநேரம் மிகக் கீழே கிடந்தது. சில நாள்கள் கழித்து எலெய்ன் இறந்தார்.

அவருடைய கணவர் மார்ட்டின் பிரோமிலி ஒரு விமானி. யாரையும் தண்டிக்கச் சொல்லி அவர் கிளம்பவில்லை. விமான விபத்துகளை ஆராய்வதுபோல இதையும் ஆராய வேண்டும் என்று கேட்டார். பிறகு மருத்துவத்தில் மனிதக் காரணிகளுக்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார். அறிவோ திறமையோ குறைந்ததால் நடந்த மரணமல்ல அது. ஒரே வேலையில் கண் பதிந்துவிட்டால் நேரம் ஓடுவது தெரியாது, அருகில் நிற்பவர் சொல்வது காதில் ஏறாது. யாராக இருந்தாலும் இதே கதைதான். அதனால்தான் இன்று பயிற்சிகளில் கத்தியைப் பிடிப்பதற்குச் சமமாக, யார் நேரத்தைக் கவனிப்பது, யார் குரல் கொடுப்பது என்பதையும் சொல்லித்தருகிறார்கள்.

தயக்கத்துக்கு இன்னொரு காரணம் வெட்கம். கழுத்தை அறுத்தால் தோற்றுப்போய்விட்டோம் என்ற நினைப்பு. 2018இல் ஐசியு நோயாளிகளுக்கென பிரிட்டனில் வந்த வழிகாட்டுதல் இதற்கு ஒரு நல்ல வழி சொல்கிறது. டியூப் போடும் முதல் முயற்சி தவறியதுமே கழுத்து வழி செட்டை அருகில் கொண்டுவந்து வைத்துவிடுவது, அடுத்தடுத்த தோல்வியில் அதைத் திறந்துவிடுவது. திறந்து கிடக்கும் செட்டை எடுப்பதற்கு மனத்தடை குறைவு.

கழுத்தில் எங்கே வெட்டுவது?

குரல்வளையின் முன்பக்கத்தில் மேடாகத் தட்டுப்படுவது தைராய்டு குருத்தெலும்பு. அதிலிருந்து விரலை நடுக்கோட்டில் மெல்லக் கீழே இறக்கினால் ஒரு சின்னப் பள்ளம், அதற்கும் கீழே கெட்டியான ஒரு வளையம். வளையம் கிரிகாய்டு. நடுவில் உள்ள பள்ளம்தான் கிரிகோதைராய்டு சவ்வு. பெரியவர்களில் இதன் உயரம் சுமார் 1 செ.மீ. தோலுக்கும் மூச்சுப்பாதைக்கும் இடையே உள்ள தூரம் இங்கேதான் மிகக் குறைவு. குரல் நாண்கள் இதற்கு ஏறத்தாழ 1 செ.மீ. மேலே இருக்கின்றன. சிறு தமனிகள் சவ்வின் மேல்பகுதியில் குறுக்கே ஓடுவதால் கீழ்ப்பாதியில், கிரிகாய்டை ஒட்டி வெட்டுவது நல்லது.

ஒற்றை விரலால் தேடினால் நிறையப் பேர் தவறான இடத்தைத்தான் காட்டுகிறார்கள், முக்கியமாகப் பெண்களில். குரல்வளை முழுவதையும் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்து, பிடித்த பிடியை விடாமல் ஆள்காட்டி விரலால் பள்ளத்தைத் தேடுங்கள். ஆங்கிலத்தில் இதை 'லாரிஞ்சியல் ஹேண்ட்ஷேக்' என்பார்கள். நேரம் இருக்கும்போதே, அதாவது மயக்கம் கொடுப்பதற்கு முன்பே, கடினமாகலாம் என்று தோன்றும் நோயாளிக்கு அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்துப் பேனாவால் குறித்துவிடுவது இன்னும் நல்லது.

அதற்குப் பதில் ட்ரக்கியாஸ்டமி செய்துவிடக் கூடாதா?

அது இன்னும் கீழே, இன்னும் ஆழத்தில். முன்னால் தைராய்டு சுரப்பியின் இணைப்புப் பகுதி குறுக்கே கிடக்கும், ரத்தம் அதிகம் வரும், நேரமும் அதிகம் பிடிக்கும். தினமும் அதைச் செய்யும் காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டு அருகிலேயே நின்றால் அது வேறு கதை.

செய்முறை என்ன?

கத்தி, பூஜி, டியூப். மூன்றே பொருள்கள். 10ஆம் எண் பிளேடு மாட்டிய ஸ்கால்பெல், நுனி வளைந்த பூஜி, 6.0 அளவு கஃப் (ஊதினால் மூச்சுக்குழாயை அடைக்கும் சிறு பலூன்) உள்ள டியூப். இதை வலது கைக்காரருக்காக எழுதுகிறேன், இடது கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

நோயாளியின் இடப்பக்கம் நில்லுங்கள். தோளுக்குக் கீழே எதையாவது வைத்துக் கழுத்தை நன்றாகப் பின்னால் சாய்க்கச் சொல்லுங்கள். இன்னொருவர் மேலிருந்து மாஸ்க் அல்லது மூக்குக் குழாய் வழியே ஆக்சிஜன் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. இடது கையால் குரல்வளையைப் பிடித்துச் சவ்வைக் கண்டுபிடியுங்கள். கத்தியின் வெட்டும் விளிம்பு உங்கள் பக்கம் பார்த்திருக்க, தோலையும் சவ்வையும் சேர்த்தே குறுக்காக ஒரே குத்து. கத்தியை வெளியே எடுக்க வேண்டாம். உள்ளே இருக்கும்போதே வெட்டும் விளிம்பு கால்பக்கம் வரும்படி 90 டிகிரி திருப்புங்கள். இப்போது கத்தியை இடது கைக்கு மாற்றி, மெல்ல உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்தால் ஒரு சிறு முக்கோண இடைவெளி திறக்கும்.

அந்த இடைவெளியில், கத்தியின் மறுபக்கத்தை ஒட்டி பூஜியின் வளைந்த நுனியை உள்ளே வழுக்கிவிட்டு, கீழ்நோக்கி 10 முதல் 15 செ.மீ. வரை தள்ளுங்கள். தடையில்லாமல் போக வேண்டும். மூச்சுக்குழாயின் வளையங்கள் கையில் நெருடுவது தெரியலாம். தடுக்கினால் அழுத்தாதீர்கள், திசுக்களுக்கு இடையே தவறான பாதையில் இருக்கிறீர்கள். பிறகு கத்தியை எடுத்துவிட்டு, ஜெல் தடவிய டியூப்பைப் பூஜிமேல் சுழற்றிச் சுழற்றி இறக்க வேண்டும். கஃப் உள்ளே மறைந்ததும் சற்றே தள்ளினால் போதும். அதற்கு மேல் தள்ளினால் வலது நுரையீரலுக்குள் மட்டும் போய்விடும். கஃப்பை ஊதி, பூஜியை உருவி, பையை இணைத்து அமுக்குங்கள்.

ரத்தம் வரும், வரத்தான் செய்யும். வெட்டிய இடம் கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்று தெரிந்தேதான் இந்த முறையை அமைத்திருக்கிறார்கள். கத்தி உள்ளேயே இருப்பதால் வழி தொலையாது, வேலை முழுக்க விரலின் உணர்வில் நடக்கிறது. பஞ்சு வைத்து ஒற்றிக்கொண்டு நிற்காதீர்கள்.

கழுத்து பருமனாக இருக்கிறது, எதுவுமே தட்டுப்படவில்லை. அப்போது?

நடுக்கோட்டில் நெடுக்காக 8 முதல் 10 செ.மீ. நீளத்துக்குத் தோலை வெட்டுங்கள். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். பிறகு இரண்டு கை விரல்களையும் உள்ளே விட்டுத் திசுக்களை விலக்கிக் குரல்வளையைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டு, முன்பு சொன்னபடி சவ்வில் தொடருங்கள். பருமனானவர்கள், கழுத்தில் கதிரியக்கம் எடுத்தவர்கள், ரத்தக்கட்டோ சீழோ கழுத்தை நிரப்பியவர்கள் ஆகியோரிடம்தான் டியூப் போடுவதும் தோற்கும், இதுவும் கடினமாகும். ஆகவே நெடுக்கு வெட்டைத் தனியாகப் பழக வேண்டும். குச்சி போன்ற கழுத்துள்ள மாடலில் மட்டும் பழகுவது பாதிப் பயிற்சிதான்.

தடித்த ஊசி ஒன்றைக் குத்தி ஆக்சிஜன் கொடுத்தால் போதாதா?

இதில் உண்மையிலேயே கருத்து வேறுபாடு உண்டு. பிரிட்டனில் நடந்து 2011இல் வெளியான மூச்சுப்பாதைச் சிக்கல்கள் பற்றிய நான்காவது தேசியத் தணிக்கையில், மயக்க மருத்துவர்கள் அவசரத்தில் செய்த ஊசி வழி முயற்சிகளில் சுமார் 60% தோற்றிருந்தன. கத்தியால் செய்தவை பெரும்பாலும் வென்றன. ஆனால் கத்தியைப் பிடித்தவர்களில் பெரும்பாலோர் அறுவை மருத்துவர்கள், ஆகவே அது நேரான ஒப்பீடு அல்ல. இருந்தாலும் அதற்குப் பிறகு பிரிட்டன் கத்தி முறையையே எல்லாரும் பழகட்டும் என்று முடிவு செய்தது.

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் ஆண்ட்ரூ ஹேர்டும் அவருடைய குழுவினரும் வளர்த்த அணுகுமுறை வேறு. மயக்க மருத்துவர்களுக்குக் கான்யூலா (ஊசியோடு உள்ளே போகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்) தினசரிப் பழக்கம், முதலில் அதையே எடுக்கட்டும், தோற்றால் கத்தி என்கிறார்கள். இதிலும் நியாயம் உண்டு. சிக்கல் எங்கே என்றால், மெல்லிய கான்யூலா மடங்கிவிடும், நழுவிவிடும். அதன் வழியே ஆக்சிஜனை உயர் அழுத்தத்தில் செலுத்தக் கருவியும் பயிற்சியும் வேண்டும். மேலே பாதை முழுக்க அடைத்திருந்தால் உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் நுரையீரலே வெடித்துவிடலாம்.

உங்கள் குழு எதில் பழகியிருக்கிறதோ அதைச் செய்யுங்கள். இதுவரை எதிலும் பழகவில்லை என்றால் கத்தியில் தொடங்குங்கள் என்பேன். எந்த அறையிலும் கிடைக்கும் பொருள்கள், கஃப் உள்ள டியூப் என்பதால் வென்டிலேஷனும் சரியாக நடக்கும்.

குழந்தைகளுக்கும் இதே முறைதானா?

இல்லை. பிறந்த குழந்தையில் அந்தச் சவ்வின் உயரம் சுமார் 2.6 மி.மீ., அகலம் 3 மி.மீ. அங்கே டியூப்பைத் திணித்தால் குரல்வளையே நொறுங்கும். 1 முதல் 8 வயது வரை உள்ளவர்களுக்கான பிரிட்டன் வழிகாட்டுதல், காது மூக்கு தொண்டை மருத்துவர் உடனே கிடைத்தால் அவரிடம் விடச் சொல்கிறது. இல்லையென்றால் கான்யூலா, அதுவும் தோற்றால் கத்தி. வயது வரம்பை 8, 10, 12 என்று வெவ்வேறு நூல்கள் வெவ்வேறாகச் சொல்கின்றன. குழந்தையின் உடலைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியதுதான். நல்ல செய்தி என்னவென்றால், குழந்தைகளில் மாஸ்க் பொதுவாகக் கைகொடுக்கும்.

தசை தளர்த்தும் மருந்தை முறித்து நோயாளியை எழுப்பிவிடலாமே?

ரோகுரோனியம் கொடுத்திருந்தால் சுகமடெக்ஸ் அதை முறிக்கும், உண்மைதான். ஆனால் இத்தனை குப்பிகளை உடைத்து ஊசியில் ஏற்றவே நேரம் போகும், வேலை செய்ய அதற்கு மேல் நிமிடங்கள் ஆகும், மற்ற மயக்க மருந்துகள் ரத்தத்தில் இருந்துகொண்டேதான் இருக்கும். வீங்கி அடைத்த தொண்டை சுகமடெக்ஸால் திறக்காது. கழுத்து வழி என்று முடிவான பிறகு நேர்மாறாக, தசைகள் முழுக்கத் தளர்ந்திருக்கிறதா என்று உறுதி செய்வதுதான் வழக்கம். இருமி இழுக்கும் கழுத்தில் வெட்டுவது ஆபத்து.

டியூப் சரியான இடத்தில்தான் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

கேப்னோகிராஃப். கார்பன் டை ஆக்சைடு அலை தொடர்ந்து வர வேண்டும். அலை இல்லையென்றால் டியூப் தவறான இடத்தில் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இதயம் நின்று மார்பை அமுக்கிக்கொண்டிருக்கும்போதுகூடச் சிறிய அலையாவது வரும்.

எப்படி, எதில் பழகுவது?

பிளாஸ்டிக் மாடல், விலங்குக் குரல்வளை, பயிற்சிப் பட்டறை, எது கிடைத்தாலும் சரி. கை பழகியது சில மாதங்களில் மங்கிவிடும், ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை பெரிய பட்டறைக்குப் போவதைவிட, வேலை செய்யும் இடத்திலேயே அவ்வப்போது பத்து நிமிடம் பழகுவது மேல். நர்ஸும் டெக்னீஷியனும் சேர்ந்தே பழகட்டும். செட் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேடும் நேரமும் நோயாளியின் கணக்கில்தான் போகிறது.

பிழைத்தவருக்குப் பிறகு என்ன ஆகும்? குரல் போய்விடுமா?

நிலைமை சீரானதும், வாய்வழி டியூப்புக்கோ ட்ரக்கியாஸ்டமிக்கோ மாற்றுவார்கள். 72 மணி நேரத்துக்குள் என்பது பழைய கணக்கு, அதைக் கறாராகப் பிடிக்க வேண்டியதில்லை என்போரும் உண்டு. ரத்தக்கசிவு, தோலுக்கடியில் காற்று பரவுதல், உணவுக்குழாயில் காயம் ஆகியவை உடனடிச் சிக்கல்கள். பிற்பாடு குரல் கரகரப்பாகலாம், குரல் நாணுக்குக் கீழே பாதை சுருங்கலாம்.

இந்தச் சுருக்கத்துக்குப் பயந்துதான் நெடுங்காலம் இம்முறையையே ஒதுக்கிவைத்தார்கள். 1921இல் அமெரிக்காவின் ஷெவாலியர் ஜாக்சன், கழுத்தில் இவ்வளவு மேலே வெட்டுவதால் பாதை சுருங்குகிறது என்று கடுமையாக எச்சரித்தார். 1976இல் பிராண்டிகனும் குரோவும் 655 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டு, சிக்கல்கள் அவ்வளவு இல்லை என்று காட்டிய பிறகுதான் அது திரும்பி வந்தது. பெரும்பாலோருக்குப் பேச்சு திரும்பும், கழுத்தில் ஒரு தழும்பு இருக்கும்.

யாராவது உணவு சிக்கித் திணறினால் பேனாக் குழாயைக் கழுத்தில் செருகலாமா? படங்களில் செய்கிறார்களே?

செய்யாதீர்கள். பெரும்பாலான பேனாக்களின் துளை மிகக் குறுகல். சிக்கிய பொருள் வெட்டும் இடத்துக்குக் கீழே இருந்தால் பயனே இல்லை. இடம் தெரியாமல் வெட்டுவது பெரிய ரத்தக்குழாயில் போய் முடியலாம். இரும முடியாமல் திணறுபவரை முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வெளியே வரவில்லை என்றால் பின்னால் நின்று, தொப்புளுக்கும் மார்பெலும்புக்கும் நடுவே ஐந்து முறை உள்ளும் மேலுமாக அழுத்துங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வயிற்றை அழுத்தக் கூடாது, மார்பைத்தான் அழுத்த வேண்டும். நினைவிழந்து விழுந்தால் ஆம்புலன்சை அழைத்துவிட்டு மார்பை அமுக்கும் முதலுதவியைத் தொடங்குங்கள்.

எனக்கு ஒருமுறை இப்படி ஆகிவிட்டது. அடுத்த அறுவைக்கு என்ன செய்வது?

என்ன நடந்தது, எந்தக் கருவி தோற்றது, எது கைகொடுத்தது என்று மருத்துவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் படம் உங்கள் போனிலும் வீட்டார் ஒருவரின் போனிலும் இருக்கட்டும். அடுத்த முறை மயக்க மருத்துவரைப் பார்க்கும்போது அவர் கேட்பதற்கு முன்பே காட்டுங்கள். விழித்திருக்கும்போதே தொண்டையை மரத்துப்போகச் செய்து மெல்லிய கேமரா வழியாக டியூப் போடும் முறை இருக்கிறது. நீங்களே மூச்சுவிட்டுக்கொண்டிருப்பதால், டியூப் இறங்காவிட்டாலும் பொதுவாக அவசரம் வராது. கொஞ்சம் அசௌகரியம் இருக்கும். அதற்குப் பயந்து பழைய விவரத்தைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.